பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணை நம்பலாமா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், உறவினர்களுக்கு நாம் எல்லாம் தெரிந்தவர் ஆகிவிடுகிறோம். பிரிட்ஜ் வாங்குவதா, மிக்சி வாங்குவதா, "கொஞ்சம் நெட்ல பார்த்துச் சொல்லு" என்று நம்மிடம்தான் வருவார்கள். நாமும் பெருமையாக மவுஸைப் பிடித்துவிடுவோம். அப்படி வந்த ஒரு வேலையில் நான் செய்த தவறை இங்கு சொல்ல விரும்புகிறேன். பொருள் கம்ப்யூட்டர் அல்ல. ஜீப்பில் பொருத்தும் ஏர் கம்ப்ரசர். ஆனால் பாடம் நமக்கானதுதான்.

அத்தானின் தேவை

என் அத்தானுக்கு சாத்தான்குளம் பக்கம் தேரியில் முந்திரித் தோப்பு இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில்தான் அங்கு போக முடியும். அதிலும் மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து 16 வரை இறக்கிவிடுவார். டயர் தளர்ந்து அகலமாகப் பரவுவதால் மணலில் புதையாது. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று அடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். பஞ்சர் கடையோ 12 கிலோ மீட்டர் தள்ளி. எனவே வண்டியிலேயே ஒரு கம்ப்ரசர் வேண்டும் என்று கேட்டார்.

நான் தேடினேன். ஒன்று 150 பி.எஸ்.ஐ. என்றது. இன்னொன்று 300 பி.எஸ்.ஐ. என்றது, விலையும் பாதி. "பாதி விலையில் இரண்டு மடங்கு சக்தி" என்று அதையே வாங்கச் சொன்னேன்.

நடந்தது என்ன?

முதல் முறையாக அதைப் பயன்படுத்திய அன்று அக்காவும் குழந்தைகளும் வண்டியில் இருந்தனர். நானும் உடன் சென்றிருந்தேன். முதல் டயருக்கு 7 நிமிடம் ஆனது. இரண்டாவது டயர் பாதியில் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுவிட்டது. தொட முடியாத சூடு. அரை மணி நேரம் காத்திருந்து மீண்டும் போட்டோம். இரண்டே நிமிடத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் போய்விட்டது. இருட்டிவிட்டது. காற்றில்லாத டயர்களுடன் மாட்டு வண்டி வேகத்தில் பஞ்சர் கடைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆனது. ஒரு டயரின் பக்கச் சுவர் வீணானது. புது டயரின் விலை கம்ப்ரசர் விலையை விட அதிகம். அத்தான் கோபிக்கவில்லை. "பரவாயில்ல மாப்ளே, எனக்கும்தான் தெரியல" என்றார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டுக்கு வந்து, முன்பே டவுன்லோட் செய்து வைத்திருந்த பி.டி.எப். கையேட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: 10 நிமிடம் இயக்கி 30 நிமிடம் ஓய்வு தரவும்.

பார்க்க வேண்டிய எண்கள்

அத்தானின் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. போதும். 300 என்ற எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பது. சிலர் இதை சி.எப்.எம். கணக்கில் தருவார்கள், 1 சி.எப்.எம். என்பது ஏறக்குறைய 28 லிட்டர். வெறும் குழாயில் வரும் அளவு அல்ல, 30 பி.எஸ்.ஐ. எதிர் அழுத்தத்தில் வரும் அளவே முக்கியம். கணக்கு எளிது. ஜீப் டயருக்குள் ஏறத்தாழ 55 லிட்டர் இடம் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. எனவே 14 பி.எஸ்.ஐ. ஏற்ற, டயருக்கு சுமார் 52 லிட்டர் வெளிக்காற்று தேவை. நான்கு டயருக்கு 208 லிட்டர். நான் வாங்கித் தந்தது நிமிடத்திற்கு 7 லிட்டர் அளவில்தான் தந்திருக்கிறது. நான்கும் நிரம்ப அரை மணி நேரம் ஓட வேண்டும். நிமிடத்திற்கு 60 லிட்டர் தருவது என்றால் நான்கு நிமிடம் கூட ஆகாது.

இரண்டாவது, டூட்டி சைக்கிள். 50 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தில் 30 நிமிடம் ஓடலாம், மீதி நேரம் ஆற வேண்டும். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் இது அளக்கப்பட்டது என்றும் பாருங்கள். 22 டிகிரியில் அளந்த எண், நம் ஊர் 38 டிகிரி வெயிலில் செல்லாது.

மூன்றாவது, ஆம்பியர். பெரிய கம்ப்ரசர்கள் 30 முதல் 60 ஆம்பியர் வரை இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் பொதுவாக 10 முதல் 20 வரைதான். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்த வேண்டும். சைலன்சர் சூடும் தண்ணீரும் படாத இடம் தேவை. இயக்கும்போது இன்ஜின் ஓடட்டும். அதுவும் திறந்த வெளியில்.

இந்த ஏமாற்றம் நமக்குப் புதிதா? ஸ்பீக்கர் பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிடுவார்கள், உண்மையில் கிடைப்பது சில வாட்ஸ். 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றில் 360 வாட்ஸ்தான் கிடைக்கும். சூடேறினால் லேப்டாப் பிராசசரும் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். இவற்றை எல்லாம் தெரிந்த நானே கம்ப்ரசர் பெட்டியைப் பார்த்து ஏமாந்தேன்.

விலை அதிகமானதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் ஓடும் காரில் 3, 4 பி.எஸ்.ஐ. ஏற்ற சிறியதே போதும். ஆண்டுக்கு இரண்டு முறை மணலில் இறங்குபவர், பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையை வாங்கிக் கொள்ளலாம். வாரந்தோறும் போகும் அத்தான் போன்றவர்களுக்கே வண்டியில் நிலையாகப் பொருத்துவது சரி. ஆனால் எதுவானாலும், அழுத்தத்தில் எத்தனை லிட்டர் என்ற எண்ணைத் தராத கம்ப்ரசரை வாங்காதீர்கள் என்பேன். ஆஸ்திரேலியாவில் 1975ல் தொடங்கிய ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்கள், காலிக் குழாயில் எவ்வளவு, அழுத்தத்தில் எவ்வளவு என்று இரண்டையும் அட்டவணையாகத் தருகின்றன. மற்றவர்களும் தரட்டுமே!

அத்தானுக்கு இப்போது நல்ல கம்ப்ரசர் பொருத்தியாகிவிட்டது. பாதிப் பணம் நான் கொடுத்தேன். அடுத்த முறை யாராவது உங்களிடம் "நெட்ல பார்த்துச் சொல்லு" என்றால், முதலில் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து படித்துவிடுங்கள். நம் சொல்லை நம்பி அவர்கள் குடும்பத்தோடு வண்டியில் ஏறப் போகிறார்கள்.