வெளியேற்றக் காரணம் வேண்டாமா?

1937-ஆம் வருஷம் பெல்ஜியத்திலிருந்து இந்தியாவுக்கு வந்து, கிறிஸ்தவ சமயத் தொண்டிலேயே ஐம்பது வருஷ காலத்தை இந்த மண்ணில் கழித்துவிட்ட ஒருவருக்கு, 1987-ஆம் வருஷம், அவருடைய வாச அனுமதி இனி நீடிக்கப்பட மாட்டாது என்றும் அவர் தேசத்தை விட்டுப் புறப்பட வேண்டும் என்றும் சர்க்காரிடமிருந்து உத்தரவு வந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டை நாடினார். அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து உயிருக்கும் சுதந்திரத்திற்கும் அளிக்கும் பாதுகாப்பு அன்னியருக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், இந்நாட்டில் எங்கும் வசிக்கவும் நிலையாகக் குடியிருக்கவுமான உரிமை பிரஜைகளுக்கு மட்டுமே உரியது என்று கூறி, 1991-இல் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஐம்பது வருஷ வாசம் சட்டத்தின் தராசில் ஒரு குன்றிமணி எடைகூடப் பெறவில்லை.

தீர்ப்பு சட்டத்துக்கு மாறானது என்று நான் சொல்லவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. கல்கத்தாவில் 1954-இல் காவலில் வைக்கப்பட்ட ஒரு ஜெர்மானியரின் வழக்கில், அன்னியரை வெளியேற்ற மத்திய சர்க்காருக்கு உள்ள அதிகாரம் பூரணமானது, வரம்பற்றது, அதைக் கட்டுப்படுத்தும் விதி சாசனத்தில் இல்லை என்று நீதிபதி விவியன் போஸ் 1955-இலேயே எழுதிவிட்டார். அந்த அதிகாரத்தின் வேரைத் தேடிப் போனால், கவர்னர் ஜெனரலின் ஆட்சியில் பிறந்த 1864-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், யுத்தத்தின் பீதியில் பிறந்த 1940-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், அதன் வாரிசாக 1946-இல் வந்த அன்னியர் சட்டத்திலும் போய் நிற்க நேரிடும். அன்னிய ஆட்சியாளர்கள் தங்கள் சௌகரியத்துக்காக வார்த்த ஆயுதத்தை, சுதந்திர தேசம் ஒரு முனையும் மழுங்காமல் எடுத்து வைத்துக்கொண்டது.

எந்த ராஜ்யத்துக்கும் தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு. விசாக் கெடு முடிந்தும் தங்குபவரையும், பொய்யான பாஸ்போர்ட்டைக் காட்டி நுழைந்தவரையும், கொடிய குற்றம் புரிந்தவரையும் திருப்பி அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. என் மனத்தை உறுத்துவது வேறு. வெளியேற்றப்படுபவருக்கு இன்ன காரணத்தினால் என்று சொல்லவும், அவர் தரப்பு மறுமொழியைப் பட்சபாதமற்ற ஒருவர் கேட்கவும் சட்டம் கட்டளையிட வேண்டாமா?

2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் குடியேற்றம் மற்றும் அன்னியர் சட்டம், நான்கு பழைய சட்டங்களை ரத்துசெய்து அவற்றின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. தேசப் பாதுகாப்பு, இறையாண்மை, அன்னிய ராஜ்யங்களுடனான உறவு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றைக் காட்டி ஒருவரை நுழையவோ தங்கவோ விடாமல் தடுக்கலாம் என்று அது சொல்வது முன்னேற்றமே. ஆனால் அந்த வரிசையின் கடைசியில், சர்க்கார் உத்தரவின் மூலம் குறிப்பிடக்கூடிய பிற காரணங்கள் என்று ஒரு வால் இருக்கிறது. அந்த வால் உள்ளவரை வரிசையினால் யாருக்கும் பாதுகாப்பில்லை. தாம் அன்னியர் அல்ல என்று நிரூபிக்கும் பாரத்தையும், பழைய சட்டத்தைப் போலவே, சந்தேகத்துக்கு ஆளானவர் தலையிலேயே இது சுமத்துகிறது. வெள்ளத்தில் வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்த ஏழைக் குடியானவன், தன் பாட்டன் இங்கே பிறந்தான் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பான்?

காரணங்களை எழுதிவிட்டாலே நீதி நிலைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்கச் சட்டம் காரணங்களை விரிவாகவே எழுதியிருக்கிறது: ஒழுக்கக்கேடான குற்றங்கள், போதைப்பொருள் குற்றங்கள், போலித் திருமணம், பிரஜை என்று பொய் சொல்லுதல், சட்டவிரோதமாக வாக்களித்தல் என்று அது நீளுகிறது; குடியேற்ற நீதிபதியின் முன் விசாரணையும் அதன்மேல் அப்பீலும் உண்டு. அப்படியிருந்தும் 1996-இல் செய்த திருத்தங்களால், ஒரு வருஷ தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்ட திருட்டுங்கூடக் கடுங்குற்றங்களின் வரிசையில் சேர்ந்தது. அதுவும் பழைய குற்றங்களுக்கும் பொருந்தும்படி சேர்ந்ததால், என்றோ செய்த பிழைக்காக, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர்கள் நினைவில்கூட இல்லாத பிறந்த தேசத்துக்கு அனுப்பப்பட்டார்கள். எனினும் அங்கே ஒருவர் தம்மீது சாட்டப்பட்ட காரணம் இன்னது என்று அறிந்து, அது தமக்குப் பொருந்தாது என்று வாதாட இடமிருக்கிறது. காரணமே சொல்லாத இடத்தில் வாதம் எங்கிருந்து தொடங்கும்?

நம் தமிழ்நாட்டில் இது நூல்களோடு நின்றுவிடும் விவகாரம் அல்ல. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணம் முடித்தவர்களும் உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களைப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து சர்க்கார் விலக்கியிருக்கிறது. மனமார வரவேற்க வேண்டிய செயல் அது. ஆயினும் ஓர் உத்தரவினால் வந்த சலுகை மற்றோர் உத்தரவினால் போகலாம் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். 2025 மே மாதத்தில், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், திரும்பினால் உயிருக்கு அபாயம் என்று முறையிட்டபோது, உலகெங்குமுள்ள அகதிகளுக்கு இடமளிக்க இந்தியா சத்திரம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. அவர் தண்டனை பெற்றவர் என்பது மெய். அவருடைய மனைவி மக்கள் இங்கே இருந்தார்கள் என்பதும் மெய். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும்படி சட்டத்தில் ஒரு விதி இருந்திருந்தால், முடிவு எதுவாயினும் அதை நியாயம் என்று ஏற்க நம் மனம் இசைந்திருக்கும்.

அத்தகைய விதி ஒன்றும் புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 13-ஆவது ஷரத்து, சட்டப்படி தங்கியிருக்கும் அன்னியரைச் சட்டப்படியான தீர்மானத்தின் பேரிலேயே வெளியேற்றலாம் என்றும், தேசப் பாதுகாப்பு குறுக்கிட்டாலன்றி அவர் தம் ஆட்சேபங்களைச் சொல்லவும் மறுபரிசீலனை கோரவும் இடமளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1979-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா, இந்த ஷரத்தைப் பொறுத்தமட்டில் தன் அன்னியர் சட்டத்தையே பிரயோகிக்கும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொண்டது. அந்த ஒதுக்கீட்டைச் சர்க்கார் வாபஸ் பெற வேண்டும். பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகளாக அமர்ந்திருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.