கடைசி ரெயிலுக்குப் பிறகு...

நடுத்தெருவில் சரக்கு ரெயில் வருகிறது. அதற்கு முன்னே ஒருவர் குதிரையில் போகிறார். அவர் கையில் சிவப்புக் கொடி! "ரெயில் வருகிறது, விலகுங்கள்" என்று மக்களை எச்சரிப்பதுதான் அவருடைய வேலை.

இது கதை அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் மேற்குப் பகுதியில் நடந்த உண்மை. அப்படி எச்சரித்தும் பலர் ரெயிலில் அடிபட்டு இறந்தார்கள். பத்தாவது அவென்யூ என்ற அந்தத் தெருவை மக்கள் "சாவு வீதி" என்றே அழைத்தார்கள்.

மாடிக்கு வந்த ரெயில்

விபத்தைத் தடுக்க ஒரு வழி கண்டார்கள். சுமார் 30 அடி உயரத்துக்கு இரும்புத் தூண்களை நிறுத்தி, அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள். 1934-ல் அதில் ரெயில் ஓடியது. சில கட்டிடங்களுக்கு உள்ளேயே பாதை புகுந்து சென்றது. பாலும் இறைச்சியும் மாடியிலேயே வந்து இறங்கின!

பிறகு லாரிகள் பெருகின. ரெயிலுக்குச் சரக்கு குறைந்தது. 1980-ல் கடைசி ரெயில் ஓடியது. அதில் வந்தது 3 பெட்டி வான்கோழி இறைச்சி.

இடிப்பதா? காப்பதா?

பாதை அனாதையாகக் கிடந்தது. காற்று கொண்டுவந்த விதைகள் முளைத்தன. தண்டவாளத்தின் நடுவே புல்லும் பூவும் மண்டின.

"இடித்துத் தள்ளுங்கள்" என்றார்கள், கீழே நிலம் வைத்திருந்தவர்கள். 1999-ல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாம்மண்ட் என்ற இருவர் அதைக் காப்பாற்றச் சங்கம் அமைத்தார்கள். 2005-ல் ரெயில் கம்பெனி பாதையை நகரத்துக்கே கொடுத்துவிட்டது. 2009-ல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இன்று சுமார் 2.3 கிலோமீட்டர் தூரம் மக்கள் அதில் நடக்கிறார்கள். கட்டணம் இல்லை. பழைய தண்டவாளங்களுக்கு அடையாளம் இட்டு எடுத்து வைத்து, பல துண்டுகளை முன்பு இருந்த இடத்திலேயே மீண்டும் பதித்தார்கள். செடிகளின் நடுவே அவற்றை இன்றும் பார்க்கலாம்.

யாருக்காகப் பூங்கா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூங்கா வந்ததும் பக்கத்தில் நிலத்தின் விலை ஏறியது. வாடகையும் உயர்ந்தது. ஆடம்பரக் கட்டிடங்கள் எழுந்தன. அருகே அரசாங்கக் குடியிருப்பில் வாழும் ஏழைகளோ, "இது நமக்காகக் கட்டியதுதானா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ரெயில் நின்றுபோன பாதை பயனற்ற இரும்பு அல்ல. நெருக்கடி மிகுந்த நகரத்தில் அப்படி நீண்டு கிடக்கும் இடம் ஒருமுறை கைவிட்டுப் போனால், திரும்பக் கிடைக்காது. ஆகவே அவசரப்பட்டு இடிக்கக் கூடாது. காப்பாற்றிய பிறகோ, அக்கம்பக்கத்து ஏழைகள் அதனால் வீடு இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்தான் அது ஊருக்குப் பூங்கா!