அரும்பு, மொட்டு, மலர்

காலாண்டுப் பரீட்சை முடிந்து ஆரம்பப் பள்ளிகளுக்கு முதற் பருவ விடுமுறை விட்டாயிற்று. இந்தச் சமயத்தில் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: "உன் வகுப்பில் முதல் மார்க்கு யாருக்கு?" கேட்பவர் தாத்தாவானாலும் சரி, அடுத்த வீட்டு மாமியானாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. கடைசி வரிசைக் குழந்தை ஜூன் மாதத்தில் எந்த நிலையில் இருந்தது, செப்டம்பரில் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பாரைக் காணோம். ஆனால் ஓர் ஆரம்பப் பள்ளியின் பருவம் பயனுள்ளதா, வீணானதா என்பதை இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் நிர்ணயிக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

அந்த அளவுகோலால் அளந்து பார்க்கையில், திருத்தணியில் நாம் கண்ட இந்த முதற் பருவம் நல்ல பருவம் என்றே சொல்லத் தோன்றுகிறது. காரணங்களைக் கூறுகிறோம்.

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சு மாதத்தில் சாத்தப்பட்ட பள்ளிக்கூடங்கள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் திறந்தன. முதல் வகுப்பையே கண்ணால் காணாத குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் வந்து உட்கார்ந்தார்கள். இந்தக் குறையைப் போக்கவேண்டித் தமிழ்நாடு அரசாங்கம் 2022 ஜூன் 13-ஆம் தேதி 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க விழா நடந்ததும் நமது திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான்.

அத் திட்டத்தின் சூட்சுமம் எளியது. குழந்தை எந்த வகுப்பில் பெயர் பதிந்திருக்கிறது என்று பாராமல், அதற்கு என்ன தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிப்பது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால் அவனும் அரும்புதான். அவனுக்குப் பாடம் அங்கிருந்தே ஆரம்பமாகும். 'மக்கு' என்ற பழைய பட்டத்துக்கு இங்கே வேலையில்லை. தொற்றுக் காலத்துக் குழந்தைகள் மேல் வகுப்புகளுக்குப் போய்விட்ட பின்னும், இம் முறையின் பயனை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால், வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழ் எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகக் கட்டாய பாடமாயிற்று. அது நியாயமே. ஆயினும், வகுப்பில் வாய் திறவாத தெலுங்கு வீட்டுக் குழந்தையை 'மந்த புத்தி' என்று ஒதுக்கிவிடுவது வெகு சுலபம். வெகு பெரிய அநீதியும்கூட.

அந்தக் குழந்தை தமிழுக்கு அவ்வளவு தூரத்திலா இருக்கிறது? 'பாலு', 'கண்ணு', 'ஊரு', 'பேரு' என்பவை அது வீட்டிலிருந்தே கொண்டுவரும் சொற்கள். தமிழ் வீட்டுக் குழந்தையும் பேச்சில் இப்படித்தான் சொல்லுகிறது. புத்தகத்திலுள்ள 'பால்', 'ஊர்' இருவருக்கும் ஒரேபோல் புதியவை. ஆகையால் இந்தப் பொதுச் சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கினால் இருவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். வேற்றுமை தோன்றுவது வினைச்சொல்லில். "அக்கா வந்தது" என்று சிறுமி சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. ஒருமையில் பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் தெலுங்கில் ஒரே வினைமுடிபு என்பதை அறிந்த ஆசிரியர் சிரிக்கமாட்டார். "வந்தாள்" என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே செல்வார். ஜூன் மாதத்தில் தலை குனிந்து நின்ற அத்தகைய சிறுமி ஒருத்தி, செப்டம்பரில் ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்ததை நாம் கேட்டோம். அவள் வாங்கிய மார்க்கு நமக்கு நினைவில்லை; அவள் குரல் நினைவிருக்கிறது.

இந்த ஊரின் சரித்திரமும் இதைத்தான் போதிக்கிறது. 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, இவ்வூரிலேயே ஆரம்பப் படிப்பைத் தொடங்கியவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் ஜனாதிபதியான 1962-ஆம் வருஷம் முதல் அவரது பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். மற்றொருவர் ம. பொ. சிவஞானம் அவர்கள். வடக்கெல்லைப் போராட்டத்தை முன்நின்று நடத்தியவர். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததற்குப் பெரிதும் காரணமானவர். வறுமையினால் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். தாமே கற்றுச் சாகித்திய அகாடமி பரிசு பெறும் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எத்தனையோ பிள்ளைகள் அப்படி உயரவில்லை. அவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை. நமது கவலை அவர்களைப் பற்றியது. ஏனெனில் நான்காம் வகுப்பு முதல் கணக்குக்கூட வாசித்துப் பொருள் அறியவேண்டிய வாக்கியமாக வந்து நிற்கிறது. படிக்கத் தெரியாமல் அந்த வாசலைத் தாண்டும் குழந்தைக்கு எல்லாப் பாடமும் அடைத்த கதவுதான்.

குழந்தை படிக்கவேண்டுமானால் முதலில் பள்ளிக்கு வரவேண்டும். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டத்தில் ஊரே திணறும். பூக்கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் துணையாகச் சில பிள்ளைகள் நாட்கணக்கில் மறைந்துவிடுவார்கள். இந்தப் பருவத்தில் அவர்கள் சீக்கிரமாகவே திரும்பி வந்தார்கள். காரணங்களுள் ஒன்று காலை உணவு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய அத் திட்டம், 2023 ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பொழுது விடியும் முன்னே கூலி வேலைக்கும் தறிக்கும் புறப்படும் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உப்புமாவும் பொங்கலும் அகர வரிசையைக் கற்பிக்கமாட்டா என்பது வாஸ்தவமே. பசித்த வயிற்றுக்கு அகர வரிசையும் ஏறாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்பவை குழந்தை தங்கிச் செல்லும் இடங்களே அன்றி, அதன் நெற்றியில் ஒட்டும் சீட்டுகள் அல்ல. "எங்கள் பிள்ளை மலர், உங்கள் பிள்ளை இன்னும் அரும்புதானா?" என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சுக் கிளம்பிவிட்டால் பழைய 'மக்கு' புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவான். தணிகைமலைக்குப் படிகள் 365 என்பார்கள். கீழ்ப்படியில் நிற்பவனையும் பக்தன் என்றுதான் சொல்லுகிறோம்.

வாசகர்களுக்கு நமது வேண்டுகோள் சிறியது. இந்த விடுமுறையில் உங்கள் குழந்தையை ஒரு கதை உரக்கப் படிக்கச் சொல்லிப் பொறுமையோடு கேளுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் குழந்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதையும் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சிரிக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது சென்று, கடைசி வரிசையின் நிலை என்ன என்று கேளுங்கள். நாட்டின் எல்லையைத் தீர்ப்பினாலும் சட்டத்தினாலும் வரையறுத்துவிடலாம். அதற்குள்ளே வாழும் ஒவ்வொரு குழந்தையும் எழுத்தறிந்தாலொழிய அந்தச் சுதந்திரம் பூர்த்தியாகாது.