சூகியின் சனநாயகத்தில் ரோஹிங்கியாக்கள் எங்கே?

ஆங் சான் சூகியை விடுதலை செய் என்று எழுதினால், "இனப்படுகொலை இராணுவத்துக்கு வக்காலத்து வாங்கியவருக்காகவா பேசுகிறீர்கள்?" என்று தோழர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் அவருடைய விடுதலையை நாம் கேட்டாக வேண்டும்.

1990 தேர்தலில் அவரது கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றது. இராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அவரை வீட்டுக்காவலில் வைத்துவிட்டார்கள். 2010 வரையிலான 21 ஆண்டுகளில் சுமார் 15 ஆண்டுகள் காவலிலேயே கழிந்தன. கணவர் இங்கிலாந்தில் புற்றுநோயால் சாகக் கிடந்தபோது, அவர் பர்மா வர விசா கொடுக்கவில்லை. சூகி போயிருக்கலாம், போனால் திரும்ப விடமாட்டார்கள். 1999இல் கணவர் இறந்தார், இவர் போகவில்லை. ஆயுதம் எடுக்காமல் இவ்வளவையும் தாங்கியவர் அவர்.

ஆனால் அவர் கேட்ட சனநாயகம் யாருக்கானது? 1982 குடியுரிமைச் சட்டம் இராணுவ ஆட்சி போட்டது. எந்த இனத்தில் பிறந்தாய் என்று பார்த்துக் குடியுரிமையைத் தரம் பிரிக்கும் சட்டம். ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது அதுதான். பிறப்பை வைத்து மனிதரை அளப்பது நமக்குப் புதிதா என்ன? (அதே ஆட்சி 1960களில் கடைகளைப் பறித்ததால் ஓடிவந்த தமிழர்களால்தான் சென்னையில் ஒரு பர்மா பஜார் இருக்கிறது.)

2015இல் சூகியின் கட்சி ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. பெருவெற்றி பெற்றும் அந்தச் சட்டத்தைத் தொடவில்லை. 2017இல் இராணுவம் ஊர்களைக் கொளுத்த, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் சூகி தானே தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இனப்படுகொலை நோக்கம் இல்லை என்று வாதாடினார். பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று அதே இராணுவம் அவரைப் பிடித்தது. வழக்குமேல் வழக்காகப் போட்டு 33 ஆண்டு தண்டனை அடுக்கியது. பிறகு 6 ஆண்டைக் குறைத்து இரக்கம் காட்டியதாம்!

சமூகச் சனநாயகம் அடித்தளமாக இல்லாவிட்டால் அரசியல் சனநாயகம் நிலைக்காது என்று 1949இலேயே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் அண்ணல் அம்பேத்கர்.

இதைப் பர்மாவின் இளைஞர்கள் தெருவில் இறங்கிப் புரிந்துகொண்டார்கள். தாங்களும் சுடப்பட்டபோது, பெரும்பான்மை பாமர் இனப் பிள்ளைகள் பலர் ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். இராணுவத்துக்கு எதிராக அமைந்த தேசிய ஒற்றுமை அரசு, 1982 சட்டத்தை நீக்குவோம் என்று 2021 ஜூனில் அறிவித்தது.

சூகியை விடுதலை செய் என்ற நமது துண்டறிக்கையில், அந்தச் சட்டத்தை நீக்கு என்ற வரியும் இருக்கட்டும். அவர் வெளியே வரும் நாளில் அந்த அறிவிப்பை ஏற்கிறாரா என்று அவரிடமும் கேட்போம்.