நடுவில் நிற்பவர்

புதுச்சேரியைப் பற்றிய கட்டுரைகளில் 'சராசரி வருமானம்' என்ற தொடர் தட்டுப்படும்போதெல்லாம் நமக்குள் ஓர் உறுத்தல் எழுகிறது. கடற்கரைச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட வீதிகளில் நடப்பவர் ஒரு புதுச்சேரியைக் காண்கிறார். வாய்க்காலைக் கடந்து மேற்கே செல்பவர் வேறொன்றைக் காண்கிறார். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் புதுச்சேரியில் எவரும் குடியிருப்பதில்லை.

ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 12, 154, 9, 14, 11 ஆயிரம் ரூபாய். கூட்டினால் இரண்டு லட்சம். ஐந்தால் வகுத்தால் 40 ஆயிரம். ஐவரில் நால்வர் அதில் பாதியைக்கூடக் கண்டதில்லை. அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக 9, 11, 12, 14, 154 என்று நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுத்தால் 12 ஆயிரம். மாடிவீட்டுக்காரரின் வருமானம் நாளை இரட்டித்தாலும் சராசரிதான் எகிறுமேயன்றி இந்தப் பன்னிரண்டு அசையாது.

நம் பாடநூல்கள் இதனை 'இடைநிலை அளவு' என்கின்றன. (கேட்டவுடன் இடைநிலை ஆசிரியர்தான் நினைவுக்கு வருகிறார். 'நடுவண் எண்' எனலாமென்றால், புதுச்சேரிக்காரர்களுக்குத் தில்லியின் நினைவு வந்துவிடும்!) 1843இல், இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், இதற்கு 'மெதியான்' என்ற பெயரை வழங்கியவர் கூர்னோ என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர்.

இடைநிலை அளவும் எல்லா இடத்திலும் உதவிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளையே பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் 9,50,289 பேர், காரைக்காலில் 2,00,222, கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமில் 55,626, கேரளக் கரையிலுள்ள மாஹேயில் 41,816. சராசரி ஏறத்தாழ 3,11,988. மூன்று பகுதிகள் அதற்கு வெகு கீழே. எண்ணிக்கை இரட்டைப்படை ஆதலால் நடுவில் ஒருவரல்லர், இருவர் நிற்கின்றனர். காரைக்காலையும் ஏனாமையும் கூட்டிப் பாதியாக்கினால் 1,27,924 வருகிறது. அந்த அளவுள்ள ஊரும் இங்கில்லை. நான்கே எண்கள் உள்ள இடத்தில் நான்கையும் அச்சிட்டுவிடுவதே நேர்மை.

ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தை அவ்வாறு அச்சிட இயலாது. அங்கேதான் இடைநிலை அளவு வேண்டியிருக்கிறது. அங்கேதான் அது காணக்கிடைப்பதில்லை. காரணம் எளிது. சராசரி காண மொத்தத் தொகையும் தலைக்கணக்கும் போதும். ஒருவர் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. தனிநபர் வருமானம் என்று நாம் படிப்பது அவ்வகைக் கணக்குதான்: பிரதேசத்தின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தது. தொழிற்சாலையின் இலாபமும் அதில் அடக்கம். நடுவில் நிற்பவரைக் கண்டுபிடிக்கவோ முதலில் மனிதர்களை வரிசையில் நிறுத்தவேண்டும். அதற்கு வீடுவீடாகச் சென்று கேட்கவேண்டும். எல்லா வீட்டையும் தட்டவேண்டுமென்பதில்லை; பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளே ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். செலவு பிடிக்கும் வேலைதான்.

அந்தச் செலவைச் செய்யலாம் என்பது நம் கட்சி. நிதிநிலை உரைகளில் தனிநபர் வருமானம் உயர்ந்ததாகப் பெருமையுடன் வாசிக்கப்படும் வரிக்கு அடுத்த வரியில், நடுக்குடும்பத்தின் வருமானம் இவ்வளவு என்றும் வாசிக்கட்டும். வாய்க்காலுக்கு மேற்கே இருப்பவர் அந்த எண்ணைக் கேட்டு, அது தம் வீட்டுக் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும்.