பரந்தன் தொழிற்சாலையும் எமது சுவாசமும்

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை மீண்டும் எழ வேண்டும் என்பது வன்னி மக்களின் நெடுநாள் விருப்பம். 1950களில் ஆரம்பிக்கப்பட்ட இத்தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுப்புச் செய்து, கோஸ்டிக் சோடா எனப்படும் எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. போர்ச் சூழலால் 1985இல் உற்பத்தி நின்றது. அதன் பின்னர் குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீனும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. இப்போது பரந்தனில் மீண்டும் இரசாயனக் கைத்தொழிலை நிறுவும் பேச்சு எழுந்துள்ளது. வேலையின்றி இருக்கும் எமது இளைஞரை நினைத்து நாம் இதை வரவேற்கின்றோம். ஆனால் வரவேற்கும்போதே ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் வளியில் உள்ள நஞ்சு எங்கே போகும்?

குளோரீன் வளியைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. புகைபோல் மேலெழாமல் நிலத்தோடு தவழ்ந்து பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் தேங்கும். பத்து இலட்சம் பங்கு வளியில் 10 பங்கு கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் இதே வாயுதான் ஆயுதமாக ஏவப்பட்டது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கசியும் வாயுவை ஒரு கோபுரத்தினுள் செலுத்தி, மேலிருந்து எரிசோடாக் கரைசலைப் பொழியச் செய்தால், குளோரீன் கரைசலோடு சேர்ந்து வெளிற்றும் திரவமாக மாறிவிடும். தேவையான எரிசோடாவைத் தொழிற்சாலையே உற்பத்தி செய்கின்றது. பிசின், ஒட்டுப்பலகைத் தொழில்களில் வெளியேறும் பீனோல் ஆவியையும், அது மென்னமிலமாகையால், எரிசோடா பிடித்துக்கொள்ளும். எஞ்சும் சிறு அளவை விசேடமாகத் தயாரித்த கரிப் படுக்கை உறிஞ்சும்.

ஆனால் கோபுரம் நின்றால் மட்டும் போதாது. 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்தபோது, அங்கும் எரிசோடாக் கோபுரம் ஒன்று இருந்தது. அது இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. இயங்கியிருந்தாலும் அவ்வளவு பெரிய கசிவைத் தாங்கும் கொள்ளளவு அதற்கு இருக்கவில்லை. வாயுவை எரித்தழிக்கும் குழாயும் கழற்றப்பட்டிருந்தது, குளிரூட்டியும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஏழைகள் உறக்கத்திலேயே மாண்டனர். செலவைக் குறைக்க நினைத்தோர் முதலில் குறைத்தது பாதுகாப்பையே.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மின்சாரம் தடைப்பட்டாலும் கோபுரத்தின் பம்பிகள் ஓடத் தனி மின்பிறப்பாக்கி வேண்டும். கரைசலிலுள்ள எரிசோடாவின் செறிவு ஒவ்வொரு வேலைமுறையிலும் சோதிக்கப்பட வேண்டும். எரிசோடா தீர்ந்துவிட்டால் கோபுரம் வாயுவைப் பிடிக்காது. பிடித்ததையும் திரும்ப விடக்கூடும். வெளியேறும் வளியின் அளவீடுகள் தமிழில் எழுதப்பட்டு, பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாதரசம் பயன்படுத்தும் பழைய முறைக்கு இனி இடமில்லை. 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, 2025இற்குள் அம்முறையைக் கைவிடுமாறு நாடுகளைக் கோரியது.

மக்களுக்கும் ஆயத்தம் தேவை. வாடை வீசும் மாதங்களில் கசிவு கிளிநொச்சிப் பக்கமாகவும், சோளகக் காலத்தில் வடகிழக்காகவும் நகரும். காற்றுக்குக் குறுக்கே விலகி மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் மாதர் சங்கங்களும் அறிந்திருக்க வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் வழங்குகின்றன. அந்த நாட்கள் ஓசையின்றிக் கழிந்துவிடக் கூடாது. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அறிக்கையைப் பெற்று, வாசித்து, கேள்விகளை எழுத்தில் கொடுக்கட்டும்.

போரினால் பலமுறை இடம்பெயர்ந்து வந்து குடியேறிய மக்கள் நாம். வேலைக்காக எமது பிள்ளைகளின் மூச்சை விலைபேச எவருக்கும் உரிமையில்லை. தொழிற்சாலை வரட்டும், அத்திவாரக் கல் நாட்டும் முன்பே அதன் பாதுகாப்பும் உறுதியாகட்டும்.