வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது?



வண்டியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை மூலம் வருகை பதியும் கருவி வாங்கித் தரலாமா என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

கருவி செய்யும் வேலை எளிமையானது. அட்டைக்குள் சின்ன சிப்பும் கம்பிச் சுருளும் இருக்கும்; பேட்டரி கிடையாது. வாசலில் உள்ள ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு அட்டை தன் எண்ணைச் சொல்லும். கணினி அந்த எண்ணுக்குரிய பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் போகும். வீட்டிலிருந்து கிளம்பிய பையன் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால் காலையிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நல்ல விஷயம்தான்.

ஆனால் அது எண்ணுவது அட்டையை. ஒருவனே நாலு பேர் அட்டையைக் காட்டினால் நாலு பேரும் வந்ததாகக் கணக்கு. அடுத்தவனுக்காகக் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொன்ன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரின் நார்த்சைடு கல்வி மாவட்டம் 2012-ல் இரண்டு பள்ளிகளில் சுமார் 4,200 மாணவர்களுக்கு இந்த அட்டையைக் கொடுத்தது. அந்த மாநிலத்தில் வருகைக் கணக்கைப் பொறுத்தே பள்ளிக்கு அரசுப் பணம் வரும். அட்டை வேண்டாம் என்று ஒரு மாணவி நீதிமன்றம் வரை போனார். நினைத்த அளவுக்கு வருகையும் கூடவில்லை. 2013-லேயே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது எது? 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ‘பிள்ளை ஏன் வரவில்லை?’ என்று யாரோ கேட்டார்கள், ‘பசி’ என்று பதில் வந்தது, சோறு போட்டார்கள்.

ஒரு பையன் தெப்பத் திருவிழா பார்த்த அசதியில் தூங்கியிருப்பான். ஒரு பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றிருப்பாள். இன்னொருவன் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போயிருப்பான். கணினித் திரையில் மூன்றும் ஒன்றுதான்: ‘வரவில்லை.’ முதலாமவனுக்கு ஒரு அதட்டல் போதும். மற்ற இருவரையும் அப்படியே விட்டால் படிப்பே நின்றுவிடும்.

எனவே கருவியை வாங்கிக் கொடுங்கள், மூன்று நிபந்தனைகளோடு. அட்டையைத் தொலைத்த பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. வகுப்பாசிரியர் தலைகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைகளின் விவரம் கருவி விற்றவர் கைக்குப் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தப் பெயரை எழுதி வைத்த பிறகு கருவியின் விலையை விசாரியுங்கள்.